எம்டன் காசு: போர்க்கப்பல் நாணயங்களில் எதற்கு விலை, எது சான்று

சூதுவாது தெரிந்த ஆளைப் பார்த்து “அவன் சரியான எம்டன்” என்று சொல்லும் வழக்கம் தமிழில் இன்னும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்ற ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, சில நிமிடங்களில் இருட்டுக்குள் போய்விட்டது. ஒரு குண்டு விழுந்த இடத்தில், உயர் நீதிமன்ற மதிலில், நினைவுப் பலகை இருக்கிறது. சொல் நம்மிடம் தங்கிவிட்டது. அந்தக் கப்பலில் இருந்த வெள்ளிப் பணம் ஆஸ்திரேலியாவில் பதக்கமாகி, ஏலத்துக்கு ஏலம் கைமாறிக்கொண்டிருக்கிறது.

போர்க்கப்பல் நாணயங்களைச் சேகரிக்க நினைப்பவர் எம்டன் காசிலிருந்து தொடங்கலாம். வாங்கச் சொல்லவில்லை, விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் இந்தத் துறையின் சிக்கல் மொத்தமும் அந்த ஒரு காசுக்குள் இருக்கிறது.

“கப்பல் நாணயம்” என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்பனைக்கு வருகின்றன. கப்பலில் இருந்த பணம் ஒன்று. கப்பலின் உலோகத்தை உருக்கி அடித்த பதக்கம் இன்னொன்று. கப்பலின் படத்தை மட்டும் தாங்கிய நாணயம் மூன்றாவது. மூன்றாவது வகையில் நாணயமே தனக்குச் சான்று: அச்சு சரி, எடை சரி, விளிம்பு சரி என்றால் வேலை முடிந்தது. முதல் இரண்டில் அப்படி இல்லை. உலோகத்தை எந்தக் கருவியில் வைத்துப் பார்த்தாலும் அது எந்தக் கப்பலில் இருந்தது என்று சொல்லாது. சான்று நாணயத்துக்கு வெளியே இருக்கிறது: அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் உலோகக் கட்டு (சட்டம்), பெட்டி, கூட வரும் காகிதம். ஏமாற்று வேலையில் பெரும்பகுதி இந்த வகைகளை ஒன்றோடொன்று குழப்புவதில்தான் நடக்கிறது.

ஜெர்மன் கப்பலில் மெக்சிகோ வெள்ளி

எம்டனிலிருந்து மீட்ட காசுகள் ஜெர்மன் மார்க் அல்ல, மெக்சிகோ வெள்ளி டாலர்கள். காரணம் எளிது. எம்டன் சீனக் கரையில் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்ட ஜெர்மன் கிழக்காசியப் படையைச் சேர்ந்தது. அந்தக் கரையெங்கும் கடைக்காரனும் கரி வியாபாரியும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பணம் இந்த டாலர்தான், அதாவது மெக்சிகோவின் 8 ரியால் காசு. அங்கே ஓடும் கப்பலின் பணப்பெட்டியில் அதுதான் இருக்கும்.

1914 நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் ஆள் இறக்கியபோது, ஆஸ்திரேலியக் கடற்படையின் சிட்னி என்ற போர்க்கப்பல் வந்து சேர்ந்தது. எம்டனின் பீரங்கிகளின் வாயகலம் 10.5 சென்டிமீட்டர்; சிட்னியின் பீரங்கிகளுக்கு 6 அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். தூரத்தில் நின்றே அடிக்க சிட்னியால் முடிந்தது. கேப்டன் கார்ல் ஃபான் மியூலர், மூழ்குவதைத் தவிர்க்கக் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றிவிட்டார். அதனால்தான் பணம் ஆழ்கடலுக்குப் போகாமல் கைக்குக் கிடைத்தது.

மீட்கப்பட்டவை 6,429 காசுகள். 1918இல் அவற்றில் 1,000 காசுகளை சிட்னி நகரத்து நகைக்கடையான டபிள்யூ. கெர் வெள்ளிக் கட்டு போட்டுப் பதக்கமாக்கியது. சண்டையின்போது சிட்னி கப்பலில் இருந்த அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் அவை போயின; சில அருங்காட்சியகங்களுக்கும் பிறருக்கும் போயின. 4,433 காசுகள் உருக்குவதற்கு அனுப்பப்பட்டன. கணக்குப் போட்டால் மீதி 996. இவை கட்டு எதுவும் இல்லாமல், வெறும் காசாகவே நினைவுப் பொருளாக வெளியே போயின.

சேகரிப்பாளர் கவனிக்க வேண்டியது இந்த 996ஐ. அவற்றின் மேல் எம்டன் என்று ஓர் எழுத்தும் கிடையாது. அதே ஆண்டு, அதே அச்சகம், அதே தேய்மானத்தில் கோடிக்கணக்கான 8 ரியால் காசுகள் உலகமெங்கும் கிடக்கின்றன. கூட வந்த கடிதமோ ரசீதோ தொலைந்த நாளில் அது எம்டன் காசு என்பதும் தொலைந்துவிடுகிறது. வெள்ளி விலைக்குச் சற்று மேலே போகும் மெக்சிகோ காசாகிவிடுகிறது. “எம்டனிலிருந்து எடுத்தது, தாத்தா சொன்னார்” என்று வரும் தனிக் காசுக்கு வெறும் 8 ரியால் விலைதான் தரலாம். தாத்தா உண்மையே சொல்லியிருக்கலாம். அதை அடுத்து வாங்குபவரிடம் நிரூபிக்க வழியில்லை.

காசைப் படிப்பது

ஒரு பக்கம் நாகதாளிச் செடிமேல் பாம்பைக் கவ்வி நிற்கும் கழுகு, சுற்றிலும் மெக்சிகோ குடியரசு என்ற எழுத்து. மறுபக்கம் ஒளிக்கதிர்கள் வீசும் சுதந்திரக் குல்லாய்; குல்லாயின் பட்டையில் “லிபர்தாத்”. அதன் கீழே வளைந்து போகும் வரியில்தான் விஷயம் இருக்கிறது: 8 ஆர், பிறகு அச்சகக் குறி, ஆண்டு, சோதனை அதிகாரியின் முதலெழுத்துகள், கடைசியாக 10 டி.எஸ். 20 ஜி.எஸ். அச்சகக் குறி எம்-ஓ என்றால் மெக்சிகோ நகரம், இசட்-எஸ் என்றால் சகாதேகாஸ், ஜி-ஓ என்றால் குவானாஹுவாத்தோ.

கடைசி எண் வெள்ளியின் மாற்று, அதாவது தூய்மை. நம் ஆசாரிகள் தங்கத்துக்கு மாற்றுச் சொல்வதுபோல ஸ்பானிய வழக்கில் சுத்த வெள்ளி 12 தினேரோ. ஒரு தினேரோவுக்கு 24 கிரானோ. 10 தினேரோ 20 கிரானோ என்றால் 10.833ஐ 12ஆல் வகுக்க வேண்டும்: 0.9027. 1898 முதல் அடித்த காசுகளில் “8 ஆர்” என்பதற்குப் பதில் “ஊன் பெசோ” என்று வந்து, மாற்றும் நேராக 902.7 என்று எழுதப்பட்டது. எடை இரண்டுக்கும் 27.07 கிராம், விட்டம் சுமார் 39 மில்லிமீட்டர். இந்தக் குல்லாய்-கதிர் வடிவம் 1909இல் முடிந்தது. 1910இல் குதிரைமேல் பெண் அமர்ந்த வேறு வடிவம் வந்துவிட்டது.

சீனக் கரையில் புழங்கிய காசென்றால் மேலே சிறு சிறு சீன எழுத்துக் குத்துகள் இருக்கலாம். சீனத்துச் சராபுகள் (நாணய மாற்றுக்காரர்கள்) வெள்ளி நல்லது என்று பார்த்து அடித்த குறி அது. அந்தக் குறி இருப்பது காசு சீனாவில் புழங்கியது என்று மட்டும் காட்டும். எம்டனுக்குச் சான்றாக அதை யாராவது நீட்டினால் வாங்கக் கூடாது.

ஆண்டைப் பார்த்ததுமே உஷாராக வேண்டிய ஒரு பொறி 1898இல் இருக்கிறது. அந்த ஆண்டு மெக்சிகோ நகர அச்சக பெசோ, 1949இல் சீனாவுக்காக அதே ஆண்டைப் போட்டே மறுபடி அடிக்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேல். வெள்ளியும் எடையும் மாறவில்லை. வேறுபாடு விளிம்போரம் சுற்றி வரும் மணிகளில்: 1898இல் அடித்ததில் 139, மறு அச்சில் 134. எம்டன் கட்டுக்குள் 134 மணிகள் கொண்ட 1898 காசு இருந்தால், 1918இல் செய்த பதக்கத்தில் 1949இல் அடித்த காசு உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பத்து மடங்கு உருப்பெருக்கி, ஒரு பென்சில், பெரிதாக்கிய புகைப்படம்: படத்தில் பத்துப் பத்தாகக் கோடு போட்டு எண்ணினால் குழப்பம் வராது. காசைச் சுழற்றியபடி கண்ணால் எண்ணுபவர் 130ஐத் தாண்டும்போது கட்டாயம் தவறு செய்வார்.

வெள்ளியைச் சோதிப்பது

8 ரியால் காசுக்குப் போலிகள் அந்தக் காலத்திலேயே உண்டு. இன்றைக்குச் செம்பு-நிக்கலிலோ பித்தளையிலோ அடித்து வெள்ளி முலாம் பூசியவை சந்தைகளிலும் இணையத்திலும் குவிந்திருக்கின்றன. தனிக் காசென்றால் முதலில் எடை. 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். புழங்கிய காசு 26.6 முதல் 27.1 கிராம் வரை நிற்கும். 25க்குக் கீழே போனால் மேலே பேச வேண்டாம்.

எடை மட்டும் போதாது. தடிமனைக் கூட்டி எடையைச் சரிசெய்த போலி வரும். அடர்த்திச் சோதனை அதைப் பிடிக்கும். தராசின்மேல் பாதி நீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பையை வைத்துத் தராசைச் சுழியாக்க வேண்டும். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, கோப்பையின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதாக நீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 902.7 மாற்று வெள்ளிக்கு 10.3 வர வேண்டும், 27.07 கிராம் காசு சுமார் 2.62 காட்டும். செம்பு-நிக்கல் என்றால் அடர்த்தி 8.9, தராசு 3.04ஐ ஒட்டி நிற்கும். இந்த இடைவெளி பெரியது. வீட்டுத் தராசிலேயே தெளிவாகத் தெரியும்.

தவறு நடப்பது பெரும்பாலும் காற்றுக் குமிழியால். கழுகின் இறகிலும் எழுத்துகளின் இடுக்கிலும் ஒட்டிய குமிழிகள் விலக்கும் நீரைக் கூட்டிக் காட்டி, அடர்த்தியைக் குறைத்துவிடும். நல்ல காசு போலிபோலத் தெரியும். நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, காசை இரண்டு முறை முக்கி எடுத்தால் குமிழி விலகும். மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

கட்டோடு இருக்கும் பதக்கத்தில் காசை மட்டும் நிறுக்க முடியாது. ஆனால் கட்டும் வெள்ளி என்பதால் மொத்தத்தின் அடர்த்தியும் 10.3க்கு அருகிலேயே வர வேண்டும். நாடாவைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். பிறகு பற்றவைத்த இடுக்குகளில் நீர் தங்காமல் உலர்த்த வேண்டும். வலுவான நியோடிமியம் காந்தம் ஒன்று கையில் இருந்தால், சாய்த்துப் பிடித்த காசின்மேல் அதை விட்டுப் பார்க்கலாம். வெள்ளியில் காந்தம் ஒட்டாது, ஆனால் பிரேக் பிடித்ததுபோல மெதுவாக வழுக்கும். சடாரென்று விழுந்தால் சந்தேகம், ஒட்டினால் இரும்பு.

கட்டைப் படிப்பது

காசு அசல் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. போலிப் பதக்கம் செய்பவர் போலிக் காசு தேடிப் போக மாட்டார். அசல் 8 ரியால் மலிவாகவே கிடைக்கிறது. அவர் செய்வது கட்டைத்தான்.

அசல் கட்டில் காசுக்கு மேலே கிரீடம், நாடா கோர்க்க வளையம், நவம்பர் 9, 1914 என்ற தேதி, இரு கப்பல்களின் பெயர்கள் பொறித்த சுருள்பட்டை இவை உண்டு. ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இணையத் தொகுப்பில் இந்தப் பதக்கங்களின் தெளிவான படங்கள் இருக்கின்றன. விற்பவரிடம் நேர்முகமாக எடுத்த படம் கேட்டு வாங்கி, காசின் விட்டம் ஒன்றாகும்படி இரண்டையும் அளவாக்கி, பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கலாம். எழுத்துகளின் இடைவெளி, கிரீடத்தின் வளைவு, பட்டையின் நுனி மடிப்பு இந்த மூன்றும் பொருந்த வேண்டும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த கட்டு, உலோகம் ஆறும்போது சுருங்குவதால் ஒரு நூல் சிறுத்திருக்கும். எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, பள்ளங்களில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். பின்பக்கத்தில் கெர் கடையின் முத்திரையையும் தேட வேண்டும்.

பற்றவைப்பையும் பார்க்க வேண்டும். பழைய கைவேலையில் பற்றாசு ஓடிய தடம் மெல்லிய கோடாக, கட்டின் நிறத்திலிருந்து சற்று மாறித் தெரியும். நூறு ஆண்டுக் கருமை காசிலும் கட்டிலும் ஒன்றாகப் படிந்திருக்கும். காசு கருத்து, கட்டு மட்டும் பளபளவென்றிருந்தால் இரண்டும் வேறு வேறு வயது. முழுவதும் ரசாயனத்தில் முக்கிக் கருமையாக்கிய புதுவேலையில், உரசல் படாத ஆழமான இடமும் உரசல் படும் மேடும் ஒரே கருப்பாக இருக்கும். இயற்கையாகப் படிந்த கருமை அப்படி இருக்காது. கைபட்ட மேடுகள் வெளுத்திருக்கும்.

விளிம்பில் மேலும் கீழும் பற்றவைத்த தழும்புள்ள தனிக் காசை “கட்டிலிருந்து கழன்ற எம்டன் காசு” என்று சொல்லி விற்பார்கள். இது பலவீனமான வாதம். பெரிய வெள்ளிக் காசை உடைஊசியாகவும் பதக்கமாகவும் கட்டுவது உலகமெங்கும் நடந்த வேலை. நம் ஊர் காசுமாலையில் கொக்கி ஒட்டிய தழும்பில்லாத காசு எத்தனை கிடைக்கும்? தழும்பு இருந்தால் நாணயமாக அதன் மதிப்பு குறைகிறது, எம்டன் காசாக மதிப்பு கூடுவதில்லை.

பெற்றவரின் பெயரோடு வந்தால் சரிபார்க்க வழி உண்டு. முதல் உலகப்போர் காலத்து ஆஸ்திரேலியக் கடற்படையினரின் பணிப் பதிவேடுகளை அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் 1914 நவம்பர் 9 அன்று சிட்னி கப்பலில் இருந்தாரா என்று பார்க்க அரைமணி நேரம் போதும். நவம்பர் மாதத்துக்குப் பிறகு கப்பலில் சேர்ந்தவர் என்று பதிவேடு காட்டினால், கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டும். பெயரைப் பின்னாளில் பொறிப்பது எளிது என்பதால், பொறித்த பெயர் மட்டும் சான்றாகாது. பெயரும் பழைய காகிதமும் சேர்ந்தால்தான் வலு.

புதிதாகக் கடலிலிருந்து எடுத்தது என்று யாராவது கொண்டுவந்தால் தொடவே கூடாது. 1950களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று கப்பலின் பெரும்பகுதியை உடைத்து எடுத்துக்கொண்டு போனது. எஞ்சிக் கிடக்கும் இடிபாடு ஆஸ்திரேலியச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அனுமதியில்லாமல் அங்கிருந்து பொருள் எடுப்பது குற்றம். அப்படிப்பட்ட பொருளை எந்த நல்ல ஏலக்கடையும் பிறகு ஏற்காது.

செம்புப் பதக்கங்கள்: “இதனால் ஆனது”, “இது கலந்தது”

இரண்டாம் வகைக்குப் பெயர்போனது பிரிட்டனின் ஃபூத்ரோயான். 80 பீரங்கிகள் கொண்ட மரக்கப்பல், 1798இல் நீரில் இறக்கப்பட்டது, 1799இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கொடிக்கப்பல் (தளபதி ஏறியிருந்து படை நடத்தும் கப்பல்). கிழடாகி, 1892இல் உடைப்பவர்களுக்கு விற்கப்பட்டபோது நாடே கொதித்தது. தனியார் ஒருவர் விலை கொடுத்து மீட்டு, பழுதுபார்த்து, கடற்கரை ஊர்களில் காட்சிக்கு வைத்தார். 1897 ஜூன் 16ஆம் தேதி புயலில் பிளாக்பூல் கடற்கரையில் ஏறி நொறுங்கியது. அதன் செம்பு பதக்கங்களாகவும் ஓக் மரம் நாற்காலி, பெட்டி என்றும் விற்பனைக்கு வந்தன. பதக்கங்கள் நிறையவே அடிக்கப்பட்டதால் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன, தொடங்குபவருக்கு ஏற்றவை. பதக்கத்திலேயே கப்பலின் செம்பு என்று எழுதியிருப்பதால், எம்டனின் கட்டில்லாக் காசுக்கு இல்லாத வசதி இதற்கு உண்டு.

ஆனால் “நெல்சன் காலால் மிதித்த கப்பலின் செம்பு” என்று விற்பவர் சொல்லும்போது சற்று யோசிக்க வேண்டும். மரக்கப்பலின் அடிப்பாகத்தில் புழுவும் பாசியும் ஏறாமலிருக்க அடித்த செம்புத் தகடு கடல்நீரில் தேய்ந்துகொண்டே போகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துறையில் ஏற்றி மாற்றுவார்கள். நூறு ஆண்டு கிடந்த கப்பலில் 1799இன் தகடு எஞ்சியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மரங்களைப் பிணைத்த செம்பு ஆணிகள் வேண்டுமானால் பழையவையாக இருக்கலாம். கப்பலின் செம்பு என்பது சரி. நெல்சன் காலத்துச் செம்பு என்பது பதக்கத்தில் எழுதாத ஒன்று.

1905இல், டிரஃபால்கர் போரின் நூற்றாண்டுக்கு, நெல்சனின் விக்டரி கப்பலின் செம்பு சேர்த்து ஒரு மாலுமிகள் சங்கம் வெளியிட்ட பதக்கங்களில் வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்: விக்டரியின் செம்பைக் “கொண்டது” என்றுதான் இருக்கும், “ஆனது” என்றல்ல. இன்றைக்கு “புகழ்பெற்ற கப்பலின் உலோகம் கலந்தது” என்று விளம்பரமாகும் புதுப் பதக்கங்களிலும் இந்த ஒரு சொல்லில்தான் வியாபாரம் இருக்கிறது. 1,000 கிலோ உருக்கில் கப்பலின் உலோகம் 1 கிலோ போட்டால், 20 கிராம் பதக்கத்துக்குள் அது 20 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடை. பொய் இல்லை. விலை கொடுப்பதற்கு முன் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேட்டால் போதும். பதில் வராதது ஒரு பதில்.

பழைய பதக்கங்களில் இன்னொரு தொல்லை மின்முலாம் பிரதிகள். 1798 நைல் போருக்காக நெல்சனின் முகவர் அலெக்சாண்டர் டேவிசன், பர்மிங்காமின் சோஹோ அச்சகத்தில் அடிக்கச் செய்த பதக்கம் பதவிக்கேற்பத் தங்கம், வெள்ளி, பொன்முலாம், வெண்கலம் என்று நான்கு தரத்தில் வந்தது. அசலின் விளிம்பில் டேவிசனின் பெயரும் காணிக்கை வாசகமும் உண்டு. பிரதியில் இரு ஓடுகளைத் தனித்தனியாக எடுத்து நடுவில் ஈயம் ஊற்றி ஒட்டுவார்கள். விளிம்பில் முழுச் சுற்றும் ஓடும் மெல்லிய தையல்கோடு, தட்டினால் மந்தமான ஓசை இவை காட்டிக்கொடுக்கும்.

படம் மட்டும் உள்ளவை

செலவு குறைவாக, சந்தேகம் குறைவாகச் சேர்க்க இந்த வகைதான். சோவியத் ஒன்றியம் 1967இல் புரட்சியின் 50ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட 20 கோபெக்கில் ஆரோரா போர்க்கப்பல் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குள் முடியும். கிரேக்கத்தின் 1 யூரோ சென்ட்டில் ஏதென்ஸின் மூவரிசைத் துடுப்புப் போர்க்கலம், 2 சென்ட்டில் 1820களின் விடுதலைப் போர்க்காலக் கப்பல். இவை நினைவு நாணயங்கள் அல்ல, அன்றாடச் சில்லறை. ஆனாலும் தொகுப்பில் இருக்க வேண்டியவை.

பிரிட்டனின் 2 பவுண்டு நினைவு நாணயங்களில் 2011இன் மேரி ரோஸ், 2015இன் அரச கடற்படை இரண்டும் புழக்கத்துக்கு வந்தவை. மேரி ரோஸ் 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட கப்பல். நாணயத்தின் விளிம்பில் “உம் மிக உன்னதக் கப்பல்” என்ற பொருள்படப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் வாசகமும் 1511 என்ற ஆண்டும் இருக்கும். இங்கே நடக்கும் சிறு மோசடி: “விளிம்பெழுத்து தலைகீழ், அபூர்வப் பிழை” என்று பல மடங்கு விலை. விளிம்பெழுத்தை முதலில் பொறித்துவிட்டு, பிறகுதான் முகங்களை அடிக்கிறார்கள். அச்சுக்குள் விழும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. பாதி நாணயங்கள் நேராகவும் பாதி தலைகீழாகவும் இருப்பது இயல்பு. 2015 கடற்படை நாணயத்தில் கப்பலின் கம்பத்தின்மேல் சிறு கொடிபோல ஒரு புடைப்பு வருவது உண்டு. அது அச்சுக்கட்டை பழுதானதால் வந்தது. அதற்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள், அது நியாயமும்கூட.

தங்கமுலாம் பூசிய பெரிய “கப்பல் நினைவு நாணயம்” விளம்பரங்களில் இரண்டு சொற்களைத் தேடினால் போதும்: நாட்டின் பெயர், முகமதிப்பு. இரண்டும் இல்லையென்றால் அது நாணயமே அல்ல, தனியார் பதக்கம். தங்கம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். மறுவிற்பனையில் அடியிலுள்ள செம்பின் விலைகூட எழும்பாது.

வைத்துக்கொள்வது

நம் கடலோர ஈரத்தில் வெள்ளியைக் கெடுப்பது கந்தகம்: ரப்பர் பேண்ட், செய்தித்தாள், கம்பளித் துணி, மலிவான அட்டைப்பெட்டி. செம்பைக் கெடுப்பது உப்பு. இரண்டையும் கெடுப்பது பி.வி.சி. பிளாஸ்டிக் உறை, சில ஆண்டுகளில் பச்சைப் பிசினாகக் கசிந்து ஒட்டிக்கொள்ளும். பிசின் பட்டுவிட்டால் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் முக்கி, தேய்க்காமல் காற்றில் உலரவிடலாம். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் சேர்ந்திருக்கும், அது கூடாது. மைலார் (பாலியெஸ்டர்) உறை, கெட்டியான அக்ரிலிக் கேப்சூல் இரண்டும் பாதுகாப்பு. 8 ரியாலுக்கு 39 மில்லிமீட்டர் கேப்சூல் பொருந்தும். கட்டுப் போட்ட பதக்கம் அதில் அடங்காது, அமிலமில்லாத தாள் விரித்த தனிப் பெட்டி வேண்டும்.

செம்புப் பதக்கத்தில் வெளிர்பச்சைப் பொடி மறுபடி மறுபடி வந்தால் அது களிம்பு மட்டுமல்ல, உள்ளே குளோரைடு இருக்கிறது. மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, வாலைவடிநீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிவைக்க வேண்டும். மெருகுப் பசையும் புளியும் வெள்ளிக் குத்துவிளக்குக்கும் செம்புக் குடத்துக்கும் சரி. பதக்கத்தில் ஒருமுறை தேய்த்தால் பாதி விலை போய்விடும். விசித்திரம் என்னவென்றால், பழைய கப்பலின் ஓக் மரத்தில் செய்த பெட்டியும் நல்லதல்ல. ஓக் மெல்ல அமில ஆவி விடும். ஈயக் கலவைப் பதக்கங்களை அது வெண்பொடியாக அரித்துவிடும். மரப்பெட்டியைப் பக்கத்தில் வைக்கலாம், பதக்கத்தை உள்ளே வைக்கக் கூடாது.

வெளிநாட்டு ஏலத்தில் வாங்கும்போது, கேட்ட விலைக்கு மேல் ஏலக்கடையின் கமிஷன் 20 சதவீதமோ அதற்கு மேலோ வரும்; அஞ்சல், காப்பீடு, சுங்கம் தனி. இந்தியாவுக்குள் கொண்டுவருவதற்கு முன் இன்னொன்றை யோசிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு தாண்டிய நாணயத்தையும் தொல்பொருள் என்கிறது. தனியார் அதை வெளியே அனுப்ப முடியாது. எம்டன் காசும் 1918இன் கட்டும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. நல்ல விலை தரும் சந்தையோ ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. எனவே வந்த பொருள் திரும்பிப் போவது எளிதல்ல என்று தெரிந்தே வாங்க வேண்டும். இறக்குமதிச் சுங்க ரசீதை எந்தக் காலத்திலும் தூக்கிப் போடக் கூடாது.

ஒவ்வொரு பொருளோடும் ஒரு சீட்டு இருக்கட்டும்: வாங்கிய நாள், யாரிடம், ஏல எண், கொடுத்த விலை, அளந்த எடை, அடர்த்தி, முன்பு யார் வைத்திருந்தார் என்று விற்றவர் சொன்னது, அதில் எதற்குக் காகிதம் இருக்கிறது, எதற்கு வாய்மொழி மட்டும். வாய்மொழியை வாய்மொழி என்றே எழுத வேண்டும். சீட்டைப் பென்சிலால் எழுதி, காசைத் தொடாமல் தனி உறையில் வைக்க வேண்டும். பால்பாயின்ட் மை ஈரத்தில் பரவி வெள்ளியில் நீலமாகப் பிடித்துக்கொள்ளும்.